பதுங்குகுழிக் காளானும் பஞ்சாபகேசன் வீட்டு ஜிம்மியும்

சனிக்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, மயிலாப்பூர் அட்வகேட் பஞ்சாபகேசன் வீட்டு நாய் ஜிம்மி, தட்டில் வைத்த தயிர் சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அந்த வீட்டில் தயிர் சாதத்தை வேண்டாம் என்று சொன்ன முதல் ஜீவன் அதுதான். வீட்டார் அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு ஆள் வந்தது. அதற்குள் அவர்கள் செய்யக் கூடாத காரியங்களை எல்லாம் செய்து முடித்துவிட்டிருந்தார்கள்.

இதை எழுதச் சொன்னவர், நான் வேலை பார்த்த கால்நடை ஆஸ்பத்திரியில் இப்போது அசிஸ்டெண்ட் சர்ஜனாக இருக்கும் இளைஞர். மழை விட்டதும் வாரத்துக்கு ஒரு நாயாவது வாயில் நுரையோடு வருகிறதாம். என்ன சாப்பிட்டது என்று கேட்டால், "ஒன்றும் சாப்பிடவில்லை" என்கிறார்களாம். "நீங்கள் எப்படிச் சார் சமாளித்தீர்கள்?" என்று கேட்டார். சமாளிக்கவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் சூப்பரிண்டெண்டெண்ட் நரசிங்க ராவ் சமாளித்தார். நான் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலேஜில் குதிரைக்கு ஒரு வருஷம், மாட்டுக்கு ஒரு வருஷம், மிச்சமுள்ள பிராணிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு வருஷம். நாய்க்கு ஓர் அத்தியாயம் கொடுத்திருந்தார்கள். காளானுக்கு அந்த அத்தியாயத்தில் ஒரு வரி. அதுவும் இங்கிலாந்துக் காளான். அங்கே அது இலையுதிர் காலத்தில் முளைக்கும் என்று மனப்பாடம் செய்து பாஸ் பண்ணினேன். சென்னையில் அது எப்போது முளைக்கும் என்று பரீட்சையில் யாரும் கேட்கவில்லை.

நரசிங்க ராவ் ஆறடி உயரம், காக்கி அரைக்கால் சட்டை, வெயில் தொப்பி. நோயாளி நாயை அவர் முதலில் பார்க்க மாட்டார். சொந்தக்காரரையும் பார்க்க மாட்டார். தரையைப் பார்த்தபடியே, "கக்கினது எங்கே?" என்று கேட்பார். கொண்டுவரவில்லை என்றால் போய்க் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். நாய்க்குச் செய்ய வேண்டிய முதலுதவியை நான் செய்துகொண்டிருப்பேன். அவரோ வாசல் படியில் உட்கார்ந்து வாந்திக்காகக் காத்திருப்பார். ஒரு முறை பெரிய உத்தியோகஸ்தர் ஒருவரின் மனைவி காரிலிருந்து இறங்காமலேயே, அதெல்லாம் அசிங்கம் என்றாள். ராவ் தொப்பியைக் கழற்றி, மிகுந்த மரியாதையோடு, "அம்மா, நாய் நிஜம் சொல்லும், ஆனா பேசாது. நீங்க பேசுவீங்க" என்றார். மீதியை அந்த அம்மாளே புரிந்துகொண்டு காரைத் திருப்பினாள்.

வந்த பிறகு அதை அவர் வெள்ளை எனாமல் தட்டில் ஊற்றச் சொல்வார். நிழலில் அல்ல, வெயிலில். ஈர்க்குச்சியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாகப் பரப்புவார். சோறு, புல், துணி நூல், எலும்புச் சில்லு என்று ஒவ்வொன்றாகக் குச்சியால் ஒதுக்குவார். காளான் துண்டு இருந்தால் அது மட்டும் ரப்பர் போல வழுக்கும். அதை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள் என்ன நிறம் என்பதுதான் அவருக்கு வேண்டியது. அதன்பிறகுதான் நாயின் பக்கம் திரும்பி, அதன் பெயரைக் கேட்பார்.

தோட்டத்தில் முளைத்த காளானையும் கொண்டுவரச் சொல்வார். ஆனால் பறிக்கக் கூடாது. "ஏமய்யா, பறிச்சா தலை மட்டும் வரும். காலோட தோண்டி எடு" என்பார். அழுக்கு வெள்ளையாக, சிறிதாக, புல்லில் கூட்டமாக நிற்கும் ஒரு வகை உண்டு. அதைத் தின்ற நாய்க்குச் சீக்கிரமே எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வழியும், கண்மணி கடுகாகச் சுருங்கும், நாடி தளரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அதற்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. காலில் ஒரு கிண்ணம் மாட்டியது போல் மண்ணிலிருந்து எழும் பெரிய வகை வேறு. அதிலும் இரண்டு ஜாதி. மடிப்பு இளஞ்சிவப்பாக இருந்தால் கிராமத்தில் குழம்பு வைத்துச் சாப்பிடுவார்கள். வெள்ளையாக இருந்தால் சாப்பிட்டவர்கள் அந்தக் குழம்பைப் பற்றிப் பிறகு பேசுவதில்லை.

இந்த இரண்டாவதன் குணத்தை நான் அடையாற்றில் கற்றுக்கொண்டேன். ரிட்டையர் ஆன ஒரு ஜட்ஜின் அல்சேஷன் நாய். முதல் நாள் முழுதும் வாந்தி. மறுநாள் எழுந்து நின்று வாலாட்டி, கஞ்சி குடித்தது. ஜட்ஜ் வீட்டில் ஒரே கொண்டாட்டம். அந்த அம்மாள் ரோஜா மாலை ஒன்றை வரவழைத்து ராவின் கழுத்தில் போட வந்தாள். ராவ் ஓர் அடி பின்வாங்கி, "தண்ணி தெளிச்சு எடுத்து வையுங்கம்மா. நாளைக்கு அவனுக்கே வேணும்" என்றார். ஜட்ஜுக்கு வந்த கோபத்தில் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார். மறுநாள் நாயின் கண் மஞ்சளாகி, அன்று சாயங்காலமே செத்துப்போனது. அந்த மாலை அதற்குத்தான் போடப்பட்டது. வெள்ளை மடிப்புக் காளான் முதலில் அடிக்கும், பிறகு விட்டுவிட்டது போல் நடிக்கும். அந்த நடிப்பை நம்பாதே என்று அன்று ஜட்காவில் திரும்பும்போது ராவ் சொன்னார்.

இனி ஜிம்மி.

நான் பென்ஷன் வாங்கிய பிறகு நடந்தது இது. உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். சாந்தோமில் எங்கள் வீடு. எனக்கும் ரெஜினாவுக்கும் மணமாகி, ஜெபமாலை உருட்டி உருட்டி அவள் விரல் தேய்ந்த பிறகு பிறந்தவள் எங்கள் ஒரே மகள் பிலோமினா. அப்போது அவளுக்கு எட்டு வயது. பஞ்சாபகேசனின் மகள் ஜயாவும் அவளும் ஒரே கான்வெண்டில் ஒரே பெஞ்சு. சனிக்கிழமை காலையில் பிலோ அந்த வீட்டுத் தோட்டத்துக்கு விளையாடப் போவாள். தோட்டத்துக்குத்தான். வீட்டுக்குள் அல்ல. அந்த வீட்டில் எனக்கும் தோட்டத்து வழிதான். பஞ்சாபகேசன் நல்ல மனுஷர். என்னைக் கண்டால் எழுந்து நிற்பார், ஆங்கிலத்தில் கை குலுக்குவார், பிறகு பின்பக்கம் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வருவார். பின்வராந்தா ஜன்னலில் எனக்கென்று ஒரு பித்தளை டம்ளர் கவிழ்ந்திருக்கும். முதல் தரமான காப்பி அதில் வரும்.

தோட்டத்தில் ஒரு பதுங்குகுழி இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே தோண்டியபோது அவரும் தோண்டினார். பலகை வைத்து, மணல் மூட்டை அடுக்கி, தெருவிலேயே நேர்த்தியான குழி என்று பெயர் வாங்கினார். சண்டை முடிந்ததும் மற்றவர்கள் மூடிவிட்டார்கள். அவர் மூடவில்லை. "தோண்டச் சொல்லி சர்க்கார் உத்தரவு இருக்கு. மூடச் சொல்லி உத்தரவு இருக்கோ? காட்டுங்கோ, மூடறேன்" என்பார். எதிர்வாதம் செய்ய யாரும் இல்லாததால் பலகை உளுத்தது, சாக்கு மக்கியது, ஐப்பசி மழையில் குழியைச் சுற்றிலும் குடைகுடையாக முளைத்தது. ஆகாயத்திலிருந்து வராத ஆபத்து கீழிருந்து வந்தது.

அன்று பிற்பகலில் அவர் வீட்டுக் குமாஸ்தா வந்து கூப்பிட்டபோது நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பென்ஷன் வந்ததும் நாற்காலியை விட்டேன், பையை விடவில்லை. ரெஜினா பிலோவை அங்கிருந்தே அழைத்துக்கொண்டு பஸ்ஸில் கிண்டிக்குத் தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள். மாலையில்தான் வருவார்கள்.

ஜிம்மி பின்வராந்தாவில் கிடந்தது. எச்சில் கயிறாகத் தொங்கியது. இரண்டு கண்ணிலும் நீர். தொடையின் உட்பக்கம் விரல் வைத்தேன். நாடி ஒரு முறை அடித்துவிட்டு அடுத்ததை யோசித்தது. நான் தரையைப் பார்த்தேன். தரை கண்ணாடி போல் இருந்தது.

"கக்கியதா?" என்றேன்.

"மூணு தரம்" என்றாள் அலமேலு அம்மாள். பஞ்சாபகேசனின் மனைவி. "ஒரு சொட்டு இல்லை பாருங்கோ. ஒடனே சாணி போட்டு மெழுகி, ஜலம் விட்டு அலம்பி, சாம்பிராணியும் காட்டிட்டேன்."

நரசிங்க ராவாக இருந்தால் படியில் உட்கார்ந்து அழுதிருப்பார்.

"என்ன சாப்பிட்டது?"

"ஒண்ணுமே சாப்பிடலை" என்றார் பஞ்சாபகேசன். "எங்காத்து ஜிம்மி சுத்த சைவம், டாக்டர். நான் எந்தக் கோர்ட்டிலும் பிரமாணம் பண்ணுவேன். எலும்புத் துண்டைக் கண்டா ஒதுங்கிப் போகும்."

"எலும்பைக் கேட்கவில்லை. தோட்டத்தில் காளான் ஏதாவது?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்த வஸ்துவோட பேரையே எங்காத்துல எடுக்கிறதில்லை" என்றார் அவர்.

"பேர் இருக்கட்டும் சார். அது இருந்ததா?"

"இருந்தது. இப்போ இல்லை."

ஜிம்மி கக்கியதும் அந்த அம்மாளுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. நியாயமான சந்தேகம். உடனே தோட்டக்காரியை விட்டு இடுக்கியால் எல்லாவற்றையும் கிள்ளி எடுத்து, வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். டாக்டர் வந்து பார்க்கும்போது வீட்டில் அப்படி ஒரு வஸ்து இருந்தால் கௌரவம் என்ன ஆகும்.

சாட்சி முழுவதும் சாம்பலாகிவிட்டாலும் நாயின் கண் இருந்தது. இமையைத் தூக்கினேன். கண்மணி கடுகு. சிறிய வகைதான். பையிலிருந்த அட்ரோபின் மாத்திரையைக் கரண்டியில் கொதிநீர் விட்டுக் கரைத்து, ஆற வைத்து, ஊசியில் ஏற்றித் தோளின் தோலுக்கடியில் போட்டேன். பிறகு மரக்கரிப் பொடி கேட்டேன். பெட்ரோல் ரேஷன் என்பதால் பஞ்சாபகேசனின் கார் கரியைப் புகைத்து அதன் வாயுவில்தான் ஓடியது. டிரைவர் கன்னியப்பன் கரிமூட்டையிலிருந்து ஒரு பிடியை மனமில்லாமல் கொடுத்தான்.

"இன்னா சார், கரியை நாய்க்குத் துன்னக் குடுக்கிறீங்கோ. அப்பால வண்டி இன்னாத்தைத் துன்னும்?"

"தயிர் சாதம் மிச்சம் இருக்கு பாரு" என்றேன். அதுவரைக்கும் எனக்கு வேடிக்கை பேச வந்தது.

கரித்தண்ணீரை நாய்க்குப் புகட்டிக்கொண்டிருக்கும்போது கதவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. ஜயா.

"ஏண்டி அழறே? ஜிம்மிக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் தாயார்.

"நான்தாம்மா ஜிம்மிக்குப் போட்டேன்" என்றது குழந்தை. "சொப்பு வச்சு சமையல் விளையாடினோம். சின்னக் காளானெல்லாம் ஜிம்மிக்குப் போட்டேன். நான் சாப்பிடலை. நைவேத்தியம் பண்ணிட்டு சாப்பிடற மாதிரி பாவலா பண்ணினேன். நிஜமா சாப்பிட்டா தோஷம்னு எனக்குத் தெரியும்."

அலமேலு அம்மாள் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் எழுந்து நின்றேன்.

"விளையாடினோம் என்றாயே. யாரோடு?"

"பிலோ."

"சின்னது ஜிம்மிக்கு. பெரிசும் இருந்ததா?"

"ஒண்ணு இருந்தது. பிலோதான் பறிச்சா. நறுக்கிப் பெரிய சொப்புல வச்சோம். அப்புறம் அம்மா எண்ணெய் தேய்க்கக் கூப்பிட்டா, நான் உள்ளே போயிட்டேன்."

"சொப்பு எங்கே?"

பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்திருந்த சொப்புகளைக் காட்டினார்கள். "நான்தான் கிணத்தடியில கொட்டி அலம்பினேன்" என்றாள் அலமேலு அம்மாள்.

"கொட்டும்போது பெரிய சொப்பில் துண்டு இருந்ததா அம்மா? இல்லை, காலியா?"

அவள் முகம் வெளுத்தது. "நான் பார்க்கலையே. அதைக் கண்ணால பார்க்கப்படாதுன்னு கண்ணை மூடிண்டு கொட்டிட்டேன்."

முப்பது வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ சொந்தக்காரர்கள் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். இந்த அம்மாள் பொய்யே சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். பொய் சொல்லியிருந்தால் குறுக்கு விசாரணை செய்து உண்மையை வரவழைக்கலாம். மூடிய கண்ணிலிருந்து எதை வரவழைப்பது?

"கன்னியப்பா, கிண்டிக்குப் போக முடியுமா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். கேலியை விட்டுவிட்டான். "அட்ரஸைச் சொல்லு சார். பாப்பாவை இட்டாந்துடறேன். வண்டிக்கு மூச்சு வர அரை மணி ஆவும். நீ ஒண்ணும் பயப்படாதே."

விலாசத்தையும், ரெஜினாவிடம் கேட்க வேண்டியதையும் சொல்லி அனுப்பினேன். கூடவே போகலாம் என்று ஒரு கால் வாசலில் இருந்தது. ஆனால் கிண்டியில் போய் நான் என்ன செய்வது? அவள் தின்றது எது என்று தெரியாமல் எந்த டாக்டரிடம் என்ன சொல்வது? தெரிய வேண்டியது இந்தத் தோட்டத்தில்தான் இருந்தது, ஏதாவது மிச்சம் இருந்தால்.

வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கினேன். உள்ளே முழங்கால் தண்ணீர். சண்டைக் காலம் முழுவதும் யாரும் இறங்காத அந்தக் குழியில் முதலும் கடைசியுமாக இறங்கியவன் நான்தான். பஞ்சாபகேசன் விளிம்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத்தான் குடை. தேங்காய்ச் சிரட்டையால் விளிம்பில் சாக்கு மக்கிய இடமாகப் பார்த்துத் தோண்டினேன். கிள்ளியது போக மிஞ்சிய சிறிய தண்டுகள் நிறையக் கிடைத்தன. மூலையில், மண்ணுக்குள் பாதி புதைந்து, ஒரு பெரிய தண்டின் அடி. அதை வெளியே எடுத்துத் தண்ணீரில் அலசினேன். கீழே ஒரு கிண்ணம்.

கால் இருந்தது. தலை இல்லை. தலை இருந்தால் மடிப்பு சிவப்பா, வெள்ளையா என்று பார்த்திருப்பேன். குழந்தைகள் பறித்த தலை சொப்பில் போய், அங்கிருந்து கிணற்றடிச் சாக்கடையிலோ என் மகளின் வயிற்றிலோ போய்விட்டது. கிராமத்துக் குழம்புக் காளானா, அடையாற்று மாலைக் காளானா என்று அந்தக் கால் சொல்லவில்லை. கிணற்றடிச் சாக்கடையையும் கிளறிப் பார்த்தேன். காலையில் விட்ட தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு தெருவுக்குப் போயிருந்தது. அவ்வளவு சுத்தமான சாக்கடையை நான் பார்த்ததில்லை.

மேலே ஏறி வராந்தா ஓரத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜிம்மியின் எச்சில் நின்றது. நாடி நிதானமானது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்து வாலை ஒரு முறை தரையில் தட்டியது. வீட்டில் சிரிப்பு வந்தது. பித்தளை டம்ளரில் காப்பி வந்தது.

"ஜிம்மி பிழைச்சுட்டான். உங்க குழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றாள் அலமேலு அம்மாள்.

"அதோட, உங்களவாளுக்கு அது பழக்கம்தானே டாக்டர்" என்று பஞ்சாபகேசன் ஆறுதல் சொன்னார். "உடம்பு ஏத்துண்டுடும்."

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். விஷம் ஆளைப் பார்த்து வேலை செய்யும் என்று அவர் நம்பினார். காப்பியை நான் குடிக்கவில்லை. ராவ் ஓர் அடி பின்வாங்கியதும், அந்த ரோஜா மாலையும் கண்முன் நின்றன. பிலோ காரிலிருந்து சிரித்துக்கொண்டு இறங்கினாலும் அது எனக்குச் செய்தி அல்ல. அல்சேஷனும் வாலாட்டியது. அவள் தின்றாளா என்பது ஒன்றுதான் செய்தி. தின்றிருந்தால் சொல்வாளா என்பது அடுத்த பயம். குழந்தைகளும் நாயின் சொந்தக்காரர்களைப் போலத்தான். திட்டு விழும் என்றால் ஒன்றும் சாப்பிடவில்லை என்பார்கள்.

அதனால் திட்டக் கூடாது, குரல் உயரக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மாலை வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் கரி வண்டியின் இருமல் கேட்டது. எழுந்தபோது மடித்த வேஷ்டி அவிழ்ந்து காலில் சுற்றிக்கொண்டது. பஞ்சாபகேசன் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். அன்றைக்கு மட்டும் அவர் கை கழுவப் போகவில்லை.

கார் தோட்டத்துக் கேட்டில் நின்றது. கன்னியப்பன் இறங்கி, "பாப்பா வழியெல்லாம் உம்முனு குந்திகினு வந்துச்சு சார். எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலே. அம்மா கேட்டாங்கோ, அதுக்கும் வாயத் தொறக்கலே" என்றான். பின்னால் ரெஜினா, கையில் ஜெபமாலை. அவளுக்கு முன்னால் பிலோ இறங்கினாள். முகம் உர்ரென்று இருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

நான் போய் அவள் முன்னால் குந்தினேன். "பிலோ, அப்பா திட்ட மாட்டேன். காலையில் ஜயாவோடு சமைத்தாயே, பெரிய சொப்பில் இருந்ததை நீ சாப்பிட்டாயா?"

அவள் உதடு பிதுங்கியது. வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"எனக்கு அவ குடுக்கவே இல்லப்பா. நான்தான் பறிச்சேன், நான்தான் நறுக்கினேன். அவங்க வீட்ல எனக்கு உள்ள எலை போட மாட்டாங்களாம், அதனால வெளையாட்டுலயும் கெடையாதுன்னா. எல்லாரும் சாப்பிட்டப்புறம் வெளிய கொண்டாந்து தரேன், சொப்பத் தொடாதேன்னா. சின்னத எல்லாம் நாய்க்குப் போட்டாப்பா. நான் இந்தக் கேட்டுக்கிட்டயே உக்காந்திருந்தேன், அம்மா வந்து கூட்டிட்டுப் போறவரைக்கும் யாருமே கொண்டாந்து தரல."